இல்லாத இருநூற்றுப் பதினான்கு பேர்

ஹில்கா ஐலர்ஸுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். பேச்சு மெதுவாகி, ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்து விழும். பதினெட்டு வருஷமாக அவளோடு ஒரே அறையில் வேலை பார்க்கும் ஃபோக்கோ, அந்தக் குரலைக் கேட்டதும் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போய்விடுவான். அந்த மார்ச் மாதத்து முதல் வாரத்தில் அவன் பல முறை தண்ணீர் பிடிக்கப் போனான்.

ஜெர்மனியில், வடகடல் நீரைத் தடுக்கும் அணைக்கு உள்பக்கம், காற்று ஓயாத ஒரு சின்ன ஊரில் இருக்கிறது அவள் வேலை பார்க்கும் கல்லூரி. செவிலியர் படிப்பும் கப்பல் எந்திரப் படிப்பும் அங்கே பிரதானம். ஹில்காவின் அப்பா அதே ஊர்க் கப்பல் தளத்தில் வெல்டராக இருந்தவர். அவள் பதினாறு வயதில் தொலைபேசித் துறையில் பயிற்சிக்குச் சேர்ந்து, கம்பம் ஏறிக் கேபிள் இழுத்து, பிறகு எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து, முப்பதாவது வயதில் கல்லூரியின் கணினிகளைப் பார்த்துக்கொள்ள வந்தாள். அந்த மார்ச்சில் அவளுக்கு ஐம்பத்தேழு.

வந்த முதல் ஒன்பது வருஷமும் அவளுக்கு நிரந்தர வேலை கிடையாது. பதினோரு ஒப்பந்தம். ஒன்று முடிந்து அடுத்தது வருவதற்குள் இரண்டு வாரம், மூன்று வாரம் இடைவெளி விழும். ஒவ்வொரு முறையும் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அப்படி ஓர் இடைவெளியில் கல்லூரியின் மெயில் சர்வர் நின்றுவிட்டது. வீட்டுக்குப் போன் போட்டுக் கூப்பிட்டார்கள். சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தாள். வாசலில் இருந்தவர், அவளைத் தினமும் பார்க்கிறவர், பார்வையாளர் புத்தகத்தை நீட்டினார். யாரைப் பார்க்க வந்தீர்கள் என்ற கட்டத்தில் ஹில்கா 'சர்வரை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனாள். அவர் அதைப் படித்துப் பார்த்து, தலையாட்டி, புத்தகத்தை மூடினார். அதைச் சொல்லிச் சிரிக்கிறவர்கள் உண்டு. ஹில்கா அதைச் சொல்லும்போது ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை.

கல்லூரியில் எல்லோரும் சேர்ந்து எழுத ஓர் இணையப் பக்கம் இருந்தது. அதை 'பலகை' என்பார்கள். ஒரே ஆவணத்தை இருபது பேர் ஒரே நேரத்தில் திறந்து எழுதலாம். ஒவ்வொருவர் எழுத்தும் ஒவ்வொரு நிறத்தில் வரும். ஹில்காதான் ஆறு வருஷத்துக்கு முன்னால் அதை நிறுவினாள். பூட்டு எதுவும் போடவில்லை. முகவரி தெரிந்தால் போதும், எழுதலாம். பாடக்குறிப்பு, கூட்டக்குறிப்பு, தேர்வு அட்டவணை எல்லாம் அதில்தான்.

ஜனவரியில் எவனோ உள்ளே புகுந்து தேர்வு அட்டவணை முழுவதையும் அழித்து, அந்த இடத்தில் வாயில் வரக்கூடாத வார்த்தைகளை நிரப்பிவைத்தான். பழைய பிரதியிலிருந்து ஹில்கா அட்டவணையை மீட்டுவிட்டாள். ஆனாலும் நிர்வாகத் தலைவர் டாக்டர் டெஸ்மர், இனிமேல் பலகைக்கு லாகின் வேண்டும், கல்லூரி டைரக்டரியில் பெயர் இருப்பவர் மட்டும்தான் உள்ளே வர வேண்டும் என்று உத்தரவு போட்டார். அது நியாயம்தான் என்று ஹில்காவுக்கும் பட்டது.

டைரக்டரி என்பது கல்லூரியின் ஆள் பதிவேடு. யார் பெயர் என்ன, என்ன பாஸ்வேர்டு, எந்தத் துறை, ஆசிரியரா, மாணவரா, கணக்கு இயங்குகிறதா இல்லையா என்று எல்லாம் ஒரு சர்வரில் இருக்கும். பலகை அந்தச் சர்வரிடம் போய், இப்படி ஒருவர் வந்திருக்கிறார், இவர் நம் ஆள்தானா என்று கேட்க வேண்டும். அது ஆமாம் என்றால் கதவு திறக்கும். யாரை ஆமாம் என்று சொல்வது என்பதைத் தீர்மானிப்பது ஒரே ஒரு வரி. ஃபில்டர் என்பார்கள்.

வேலை மூன்று நாள் இழுத்தது. இது அசல் சர்வர்தான் என்று காட்ட, கல்லூரி தானே கையெழுத்திட்டு வைத்திருந்த பாதுகாப்புச் சான்றிதழைப் பலகை நம்ப மறுத்தது.

"சரிபார்க்கறதையே நிறுத்திடு. ஒரு வார்த்தை மாத்தினா முடிஞ்சுது" என்றான் ஃபோக்கோ.

"மாத்தினா எல்லாரோட பாஸ்வேர்டும் வழியில நிக்கறவன் கையில."

"வழியில எவன் நிக்கறான்? இந்தக் காத்துல?"

"எனக்கு எப்படித் தெரியும்? அதுக்குத்தானே பூட்டு."

அவள் சான்றிதழை ஒழுங்காகப் பதித்து, பதிவேட்டைப் படிக்க மட்டும் உரிமையுள்ள தனிக் கணக்கு ஒன்றை உண்டாக்கி, பெயர்களில் தலைமேல் இரட்டைப் புள்ளி வைத்த ஜெர்மன் எழுத்துகள் சிதைந்து வந்ததைச் சரிசெய்து, பிப்ரவரி நடுவில் லாகினைத் திறந்துவிட்டாள். உத்தரவில் இருந்தபடியே ஃபில்டரை எழுதியிருந்தாள்: பணியாளர், மாணவர், கணக்கு இயங்க வேண்டும். பதிவேட்டில் ஆள் கிடைக்காவிட்டால் வரும் செய்தியையும் அவளேதான் எழுதினாள். மென்பொருளோடு வந்த வாசகம் நீளமாக இருந்தது. அவசரத்தில் அதை வெட்டி, 'இந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை' என்று வைத்தாள்.

ஒரு கேள்வி மட்டும் அப்போதே அவளுக்கு வந்தது. ஒப்பந்த ஆசிரியர்கள் என்ன ஆவார்கள்? டெஸ்மரிடம் கேட்டாள். "அவங்களும் பணியாளர்தானே, அதுல வந்துடுவாங்க" என்றார் அவர், படியில் இறங்கிக்கொண்டே. அவள் அத்தோடு விட்டுவிட்டாள். அப்படி விட்டதற்காகப் பிறகு அவள் தன்னையே மன்னிக்கவில்லை.

மார்ச் முதல் திங்கட்கிழமை காலை, கணினி அறை வாசலில் போஷெனா வில்செக் வந்து நின்றாள். போலந்தில் பிறந்தவள், இந்த ஊருக்கு வந்து இருபத்திரண்டு வருஷம். வெளிநாட்டிலிருந்து வரும் செவிலியர்களுக்கு ஆஸ்பத்திரியில் பேச வேண்டிய ஜெர்மன் மொழியைச் சொல்லிக்கொடுக்கிறாள். பத்தொன்பது வருஷமாக இதே கல்லூரியில், ஒவ்வோர் அரையாண்டுக்கும் ஒரு புது ஒப்பந்தத்தில். கோட்டின் பொத்தானைக்கூடக் கழற்றாமல் நின்று, அந்த ஊர் வணக்கத்தைச் சொன்னாள்.

"மொய்ன், ஹில்கா. ஒரு சந்தேகம். நான் செத்துட்டேனா?"

"என்னடி உளர்றே?"

"உன் மெஷின் அப்படித்தான் சொல்லுது. என் பேர்ல இங்க யாரும் இல்லையாம்."

ஹில்கா நாற்காலியைத் திருப்பினாள். பதிவேட்டில் போஷெனாவின் பெயரைத் தேடினாள். இருந்தது. ஆனால் முந்தைய நாள் நள்ளிரவோடு 'இயங்கவில்லை' என்று மாறியிருந்தது. பிப்ரவரியோடு குளிர்கால அரையாண்டு முடிந்தது, அதோடு ஒப்பந்தமும் முடிந்தது. அடுத்தது எப்போதும்போல இரண்டு மூன்று வாரம் கழித்து வரும். இத்தனை வருஷம் அந்த இடைவெளியில் நூலக அட்டை வேலை செய்யாது, அவ்வளவுதான். இந்தத் தடவை பலகையும் பூட்டிக்கொண்டது.

"புத்தகம் உள்ள இருக்கு" என்றாள் போஷெனா.

அவள் புத்தகம் என்றது முந்நூற்று நாற்பது பக்கப் பயிற்சி நூல். ஆறு வருஷமாக மாணவிகளோடு சேர்ந்து பலகையிலேயே எழுதியது. வலி எங்கே என்று ஒரு கிழவரிடம் எப்படிக் கேட்பது, அவர் கடற்கரைப் பேச்சில் இரண்டே வார்த்தையில் பதில் சொன்னால் அதை எப்படிப் புரிந்துகொள்வது, மருந்து வேண்டாம் என்று அடம்பிடிப்பவரிடம் மரியாதை குறையாமல் எப்படிப் பேசுவது என்று அத்தனையும் அதில் இருந்தது. மணிலாவிலிருந்தும் துனிஸிலிருந்தும் வந்த பெண்கள் ஓரத்தில் தங்கள் நிறத்தில் எழுதிவைத்த குறிப்புகளும் இருந்தன. அந்த மாணவிகளில் இப்போதும் படிப்பவர்கள் உள்ளே போகலாம். எழுதியவள் போக முடியாது.

"அடுத்த வாரம் அச்சகத்துக்குத் தரணும். நான் வீட்ல உக்காந்து திருத்திட்டிருந்தேன். நேத்து திறந்திருந்துது. இன்னிக்கு நான் இல்லை" என்றாள் போஷெனா. அவள் சத்தம் போடவில்லை. பத்தொன்பது வருஷப் பழக்கம்.

ஹில்காவுக்கு முகம் சுட்டது. அந்த வாசகம் தன் கையால் எழுதியது. பார்வையாளர் புத்தகத்தை நீட்டிய கை இப்போது தன் கையாக இருந்தது.

"உக்காரு. டீ குடி. நான் எண்ணிப் பார்க்கறேன்" என்றாள். குரல் இறங்கிவிட்டது. ஃபோக்கோ கெட்டிலை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

பதிவேட்டில் கேட்டாள். கல்லூரியில் பாடம் எடுப்பவர்கள் முந்நூற்று எழுபத்தொரு பேர். அதில் அன்று காலை இல்லாமல் போனவர்கள் இருநூற்றுப் பதினான்கு பேர். பாதிக்கு மேல்.

டாக்டர் டெஸ்மரின் அறை மூன்றாவது மாடியில். ஹில்கா படியேறிப் போய் எண்ணிக்கையைச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஐலர்ஸ் மேடம், ஒப்பந்தம் முடிஞ்சவங்க வெளியாள். வெளியாளை உள்ள விடக்கூடாதுன்னுதானே பூட்டு போட்டோம்?"

"ரெண்டு வாரத்துல அவங்களுக்கே புது ஒப்பந்தம் அனுப்புவீங்க."

"அனுப்பினதும் லாகின் தானா வந்துடும். இதுல என்ன கஷ்டம்?"

"அதுவரைக்கும் அவங்க எழுதினது?"

"கல்லூரி சர்வர்ல இருக்கிறது கல்லூரியோடது. பத்திரமாத்தான் இருக்கு."

"பாடத்திட்டம் தயார் பண்றது இந்த ரெண்டு வாரத்துலதான் டாக்டர். ஒப்பந்தம் இல்லாத நாள்லதான் அவங்க உங்களுக்கு அதிகமா வேலை செய்யறாங்க."

"யாரும் செய்யச் சொல்லலையே" என்றார் டெஸ்மர்.

அந்த வாக்கியத்தை ஹில்கா மூன்று மாடியும் இறங்கும்வரை தனக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தாள். யாரும் செய்யச் சொல்லவில்லையாம். அவர்கள் செய்யாமல் போனால் கோடைகால அரையாண்டின் முதல் நாள் பாதி அறைகளில் பாடமே இருக்காது. அது அவருக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

பணியாளர் மன்றத்துக்குப் போனாள். அங்கே இருந்த பெண்மணி உண்மையாகவே வருத்தப்பட்டாள். "ஆனா ஒப்பந்த ஆசிரியர்கள் எங்க அதிகாரத்துல வரமாட்டாங்களே ஹில்கா. அவங்களுக்காக நாங்க பேச முடியாது."

"வேற யார் பேசுவாங்க?"

"அது... சட்டப்படி பார்த்தா, யாரும் இல்லை."

ஹில்கா கீழே வந்து தன் எதிர்ப்பை எழுத்தில் அனுப்பினாள். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் பதில் இல்லை. அவள் நினைத்திருந்தால் யாருக்கும் தெரியாமல் அந்த ஒரு வரியை மாற்றியிருக்கலாம். ஃபோக்கோ அதைத்தான் சொன்னான். "மாத்து. எவனும் பார்க்கமாட்டான்."

"அதான் கூடாது. எவனும் பார்க்காம இவங்களை உள்ள விட்டா, அடுத்த தடவை எவனும் பார்க்காம வெளிய தள்ளுவான்."

புதன்கிழமை பத்து மணிக்கு டெஸ்மரிடமிருந்து போன் வந்தது. உடனே மேலே வரச் சொன்னார். விஷயம் இதுதான்: செவிலியர் படிப்பின் அங்கீகாரத்தைப் புதுப்பிக்கும் அறிக்கை வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் போய்ச் சேர வேண்டும். தவறினால் இலையுதிர்காலத்துக்குப் புது மாணவர்களைச் சேர்க்க முடியாது. அறிக்கை பலகையில் பாதி எழுதிய நிலையில் இருந்தது. ஆறு அத்தியாயத்தில் நாலு, ஆளுக்கொன்றாக நாலு ஒப்பந்த ஆசிரியர்கள் கையில் இருந்தது. அதில் ஒருத்தி போஷெனா.

"அந்த நாலு பேருக்கு மட்டும் திறந்துவிடுங்க. வெள்ளி மதியம்வரைக்கும்" என்றார்.

"வெள்ளி மதியத்துக்கு அப்புறம்?"

"பழையபடி மூடிடுங்க. முடியுமா முடியாதா?"

"முடியும். நாப்பது செகண்டு வேலை. ஆனா பண்ணமாட்டேன்."

டெஸ்மர் அவளை நிமிர்ந்து பார்த்தார். இருபத்தேழு வருஷமாக எது கேட்டாலும் செய்துகொடுத்த ஆள்.

"திங்கக்கிழமை அவங்க வெளியாள். இன்னிக்கு உங்களுக்கு வேணும்னதும் உள்ளாள். வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்துல மறுபடி வெளியாள். அவங்க என்ன மழைக்கு எடுத்துட்டுப் போற குடையா?" அவள் குரல் மேசைக்கு அந்தப்பக்கம் கேட்குமா என்கிற அளவுக்கு இறங்கியிருந்தது. "இருநூத்திப் பதினாலு பேரையும் திறக்கச் சொல்லி எழுத்துல கொடுங்க. கடைசி ஒப்பந்தம் முடிஞ்சு ஒரு வருஷம்வரைக்கும் கணக்கு இயங்கணும்னு இருக்கணும். நானே டைப் பண்ணிக் கொண்டுவந்திருக்கேன். கையெழுத்து போட்டா போதும்."

"இது உத்தரவை மறுக்கிறது. தெரியுதா?"

"தெரியுது."

அவர் அவள் எதிரிலேயே ஃபோக்கோவுக்குப் போன் போட்டார். ஃபோக்கோவுக்கு இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள், எந்தக் கூட்டத்திலும் வாயைத் திறக்காத ஆள். ஒலிபெருக்கியில் அவன் குரல் வந்தது.

"ஃபில்டரா டாக்டர்? அது எனக்குச் சுத்தமா புரியாது. நான் கை வெச்சா நீங்களே உள்ள போக முடியாம ஆயிடும்."

ஹில்கா அந்த ஃபில்டரை எழுதியபோது பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்த்தது அவன்தான். ஹில்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்து டெஸ்மரின் செயலாளர் நாலு ஆசிரியர்களுக்கும் போன் செய்தாள். அறிக்கையின் பகுதிகளை மெயிலில் அனுப்புகிறோம், வீட்டிலிருந்தே எழுதித் தர முடியுமா என்று கேட்டாள். மூன்று பேர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். போஷெனா யோசிக்கவில்லை. தான் சொல்லிக்கொடுக்கும் அந்த மரியாதை குறையாத ஜெர்மனில் பதில் சொன்னாள்.

"என் ஒப்பந்தம் ஞாயித்துக்கிழமையோட முடிஞ்சுதுங்க. நான் வெளியாள். உங்க கல்லூரியோட உள்விஷயத்துல வெளியாள் கை வெக்கறது முறையில்லைங்களே."

சாயங்காலத்துக்குள் மற்ற மூன்று பேரும் அதையே சொல்லிவிட்டார்கள். யார் யாரோடு பேசினார்கள் என்று ஹில்கா விசாரிக்கவில்லை.

வியாழன் காலை பதினோரு மணிக்கு ஹில்காவின் காகிதம் கையெழுத்தோடு வந்தது. டெஸ்மர் நேரில் வரவில்லை, செயலாளரிடம் கொடுத்தனுப்பியிருந்தார். ஹில்கா அதை இரண்டு முறை படித்தாள். அவள் எழுதியதில் ஒரு வார்த்தைகூட மாறவில்லை. 'ஒரு வருஷம்' அப்படியே இருந்தது. ஃபில்டரைத் திருத்தி, சோதனைக் கணக்கில் ஒரு முறை போய்ப் பார்த்து, பலகையை நிறுத்தித் திரும்ப ஓட்டினாள். பிறகு, யாரும் சொல்லாமலே, தான் எழுதிய அந்தச் செய்தியை அழித்தாள். அந்த இடத்தில், 'உங்கள் கணக்கை எங்களால் திறக்க முடியவில்லை, தவறு எங்களுடையதாக இருக்கலாம்' என்று எழுதி, தன் போன் நம்பரையும் போட்டாள்.

பன்னிரண்டு மணிக்கு போஷெனா வந்து ஃபோக்கோவின் கணினியில் உட்கார்ந்தாள். உள்ளே போனதும் அறிக்கையைத் தொடவில்லை. முதலில் தன் புத்தகத்தைத் திறந்து, முழுவதையும் இறக்கி, பையிலிருந்து பென்டிரைவை எடுத்து அதில் ஏற்றிக்கொண்டாள்.

"நம்பிக்கை இல்லையா?" என்றாள் ஹில்கா.

"உன்மேல இருக்கு. கதவுமேல இல்ல."

அந்தக் கதவை மாட்டியவளே ஹில்காதான்.

அறிக்கை வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்குப் போய்விட்டது. நாலு ஆசிரியர்களும் வியாழன் மத்தியானம் முழுக்க உட்கார்ந்து எழுதி முடித்தார்கள். அந்த வேலையைச் செய்த நாளில் அவர்களில் ஒருவரிடமும் ஒப்பந்தம் இல்லை. அதைப் பற்றி அறிக்கையில் ஒரு வரி இல்லை. 'கற்பிப்போரின் நீண்டகாலத் தொடர்ச்சி எங்கள் பலம்' என்று டெஸ்மர் எழுதிய முன்னுரையில் இருந்தது. ஹில்கா அதைப் படித்துவிட்டு எழுந்துபோய் அணைமேல் அரைமணி நேரம் நடந்துவிட்டு வந்தாள்.

இரண்டு வாரம் கழித்து அவளுக்கு எழுத்துமூல எச்சரிக்கை வந்தது. மேலதிகாரியின் நேரடி உத்தரவை மறுத்ததற்காக. இன்னொரு முறை நடந்தால் வேலை போகலாம் என்று அதில் இருந்தது. ஃபோக்கோ அதைப் படித்துவிட்டு வெளிறிப்போனான்.

"மன்னிப்பு கேட்டு ஒரு வரி எழுதிடு. ஓய்வுக்கு எத்தனை வருஷம் இருக்கு உனக்கு?"

"பத்து. அதான் எழுதமாட்டேன். பத்து வருஷம் அந்த ஒரு வரியோட யாரு உக்காந்திருக்கறது?"

எச்சரிக்கை வாங்கியவர் தன் தரப்பை எழுதிக் கொடுத்தால், அதையும் அதே கோப்பில் சேர்த்துத்தான் ஆக வேண்டும், அது சட்டம். ஹில்கா எழுதினாள். பலகையில் ஒரு புது ஆவணம் திறந்து, மூன்று நாள் மதிய இடைவேளையில் எழுதினாள். பார்வையாளர் புத்தகத்திலிருந்து ஆரம்பித்தாள். பதினோரு ஒப்பந்தத்தின் தேதிகளையும் போட்டாள். 'வெளியாள்' என்று சொன்னதையும் 'யாரும் செய்யச் சொல்லவில்லை' என்று சொன்னதையும் நாள், நேரத்தோடு எழுதினாள். எழுதி முடித்ததும் மொழியைப் பார்த்துத் தரச் சொல்லி போஷெனாவைக் கூப்பிட்டாள். இந்த மண்ணில் பிறந்தவளின் ஜெர்மனைப் போலந்துக்காரி திருத்தினாள்.

"மூணு இடத்துல கமா இல்ல. இந்த 'வெட்கங்கெட்ட'ங்கற வார்த்தையை எடுத்துடு, உணர்ச்சி அதிகமா தெரியுது" என்று எழுதி, அந்த வார்த்தையின்மேல் கோடு போட்டாள்.

ஹில்கா கமாக்களை ஏற்றுக்கொண்டாள். கோட்டை எடுத்துவிட்டாள். மூன்று பக்கமும் அந்த வார்த்தையோடேதான் கோப்பில் இருக்கின்றன.

அடுத்த வருஷம் டெஸ்மர் வேறு கல்லூரிக்குப் பெரிய பதவியில் போய்விட்டார். ஒரு வருஷ விதி நிற்கிறது, போஷெனாவின் புத்தகமும் அச்சாகி வந்துவிட்டது. ஆனால் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே, வகை என்ற கட்டத்தில் 'பணியாளர்' என்று இருந்தாலும், நிலை என்ற கட்டத்தில், இன்றைக்கும் 'வெளியார்' என்றுதான் இருக்கிறது. அது பணியாளர் அலுவலகத்தின் கட்டம், ஹில்காவுக்கு அதில் எழுதும் உரிமை இல்லை. அதை மாற்றச் சொல்லி அரையாண்டுக்கு ஒருமுறை மனு அனுப்புகிறாள். இதுவரை ஐந்து அனுப்பியிருக்கிறாள். பதில் வரவில்லை.